ஏழாம் தொட்டிக்கு நான் நீட்டிய இடுக்கி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் சுகம் என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய், அதை அப்படியே நம்பத்தான் எனக்கும் ஆசை. நாலு நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. ஏங்க, நடந்து நடந்தே தரையைத் தேய்ச்சுடுவீங்க போல என்று அம்மா திட்டுகிறாள். அவளிடம் பாதிதான் சொன்னேன். போனில் சொன்னால் நீ சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பம்ப் ரிப்பேரை விட்டுக் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் தொட்டி பார்க்கிற வேலைக்கு நான் சேர்ந்தது உனக்குத் தெரியும். எட்டுத் தொட்டி, தொட்டிக்கு ஒரு சின்னச் சுறா, என் கை நீளம்கூட இருக்காது. நாலில் சாதாரணக் கடல்தண்ணீர். மற்ற நாலில் கரியமில வாயுவைக் குமிழ் குமிழாக விட்டு அமிலத்தைக் கூட்டியிருக்கிறார்கள், நான் அதைப் புளிப்புத் தண்ணீர் என்பேன். நாம் விடுகிற புகையில் ஒரு பங்கைக் கடல் குடித்துக்கொண்டே இருக்கிறதாம், இப்படியே போனால் உன் பேரப்பிள்ளைகள் காலத்துக் கடல் இப்படித்தான் இருக்குமாம். தினமும் காலை பத்து மணிக்குக் கணவாய் மீன் துண்டை மணலுக்கடியில் புதைத்து, ஸ்டாப்வாட்சை அமுக்கி, சுறா மோப்பம் பிடித்து வாய் வைக்க எத்தனை நிமிஷம் என்று நோட்டில் எழுத வேண்டும். நல்ல தண்ணீர்ச் சுறாக்கள் நாலைந்து நிமிஷத்தில் வந்துவிடும். புளிப்புத் தண்ணீரில் எல்லாமே தாமதம், அதிலும் ஏழாம் தொட்டிக்காரி ரொம்ப மோசம். துண்டுக்கு நேர் மேலேயே போவாள், தாண்டிப்போய்க் கண்ணாடியை உரசித் திரும்புவாள், மறுபடி தாண்டுவாள். பசி இருக்கிறது, சாப்பாடும் இருக்கிறது, எங்கே என்பதுதான் பிடிபடவில்லை. இருபது நிமிஷம் ஆனதும் நீள இடுக்கியால் துண்டை வெளியே எடுத்துவிட்டு ‘கிடைக்கவில்லை’ என்று எழுத வேண்டும். அடுத்த தீனி மறுநாள்தான்.

எடுக்க எனக்கு மனசு வரவில்லையம்மா. போன மாதம் உன் அறைத்தோழி போன் செய்து, அங்கிள், அவ சரியா சாப்பிடறதே இல்ல, வாங்கி வெச்சாலும் அப்படியே இருக்கு என்று சொன்னாளே, அன்றைக்குத்தான் இடுக்கியில் துண்டைப் பிடித்து ஏழாம் தொட்டிக்காரியின் மூக்குக்கு நேராக நீட்டினேன். லபக்கென்று கவ்வினாள். நோட்டில் ஆறு நிமிஷம் என்று எழுதினேன். ஒரு நாளோடு விட்டேனா, பதினெட்டு நாள் அதே வேலை. திங்கட்கிழமை, இந்தச் சோதனையை நடத்துகிற விஞ்ஞானி அம்மா நோட்டைப் புரட்டிவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக, அண்ணே, ஏழாம் நம்பர் பழகிக்கிட்டா, போகப்போகச் சுறாக்களுக்கு இந்தத் தண்ணி பழகிடும்னே எழுதலாம் போல என்றார். என் இடுக்கி செய்த வேலையைச் சுறா செய்ததாக ஊர் உலகமெல்லாம் படிக்கப் போகிறது, கடலில் எவன் இடுக்கியோடு நிற்கிறான்? மூன்று நாள் முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரிந்தேன். நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. நோட்டில் அந்தப் பக்கங்களை மடித்து வைத்துவிட்டு, மூணு வார உழைப்பு போச்சுண்ணே என்றார். பதினெட்டு வரியையும் என் கையாலேயே அடிக்கச் சொன்னார். வேலை நிலைக்குமா என்பது அடுத்த வாரம் தெரியும். இன்று காலை கையைக் கட்டிக்கொண்டு இருபது நிமிஷம் நின்றேன். ஒன்பது தடவை தாண்டிப் போனாள். ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் பம்ப் அறைக்குள் போய் அழுதேன், இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்துவைத்துப் படித்தேன். ‘வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் அப்பா’ என்ற வரி எதிலும் தப்பவில்லை. அந்த மாதிரி வரியை எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் பதினெட்டு நாள் எழுதியிருக்கிறேன். திட்டவில்லை கண்ணு. சாப்பிடாத நாளைச் சாப்பிடவில்லை என்றே எழுது. அங்கே ஊட்டிவிட என் கை எட்டாது, உண்மை தெரிந்தாலாவது பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

உடம்பும் மனசும் தெம்பாக நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். கண் டாக்டரிடம் போக மறக்காதே. பதில் போடும்போது அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்பதை முதல் வரியில் எழுது. ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுது, நான் அடித்துத் திருத்த மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கும்
அப்பா