பவர் இல்லாத கண்ணாடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தம்பிக்குக் கண்ணிலும் குறை இல்லை, இப்போது அவனுக்கு அதுதான் பெரிய குறை. மூன்று மாதம் முன்பு நம் கண்ணாடிக் கடைக்கு வந்து கண்ணைப் பார்க்கச் சொன்னான். பலகையின் கடைசி வரியில் எறும்பளவு இருக்கும் எழுத்தையும் கடகடவென்று படித்துவிட்டு, பரீட்சையில் தோற்றவன் போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். கேட்டால், இப்போதெல்லாம் கண்ணாடி போட்டவனுக்குத்தான் மவுசாம், அவனுக்கு இங்கிலீஷில் 'கீக்' என்று பேராம், படிப்பிலும் கம்ப்யூட்டரிலும் மூழ்கிக் கிடக்கிறவன் என்று அர்த்தமாம். எண்ணெய் காணாத கதவு திறக்கிற சத்தம் மாதிரி இருக்கிறதே என்றேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே தடித்த கறுப்பு பிரேமாகப் பார்த்து எடுத்து, பவர் இல்லாத வெறும் கண்ணாடி போட்டுத் தரச் சொன்னான். நானும் போட்டுக் கொடுத்தேன்.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவர் வந்து, கொஞ்சம் படித்த மாதிரி தெரிய வேண்டும் என்று இரண்டு வாங்கிப் போனார், அதில் ஒன்று எடை தூக்கும்போது போட. பார்வை சரியாக இருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்கிற வாடிக்கையாளர்களைப் பதினைந்து வருடத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். இதெல்லாம் ஏன் என்று பக்கத்துக் கடை முடிவெட்டுகிறவரைக் கேட்டேன். கத்தரியை நிறுத்தாமலே சொன்னார்: பள்ளிக்கூடத்தில் கண்ணாடி போட்டதற்காக அடி வாங்கினவன் கம்பெனி வைத்துவிட்டான், அடித்தவன் அங்கே வேலை கேட்டுப் போகிறான், போகும்போது அவனை மாதிரியே ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போகிறான், அவ்வளவுதான் விஷயம் என்று. உன் தம்பி இன்னும் ஒரு படி மேலே. உன் அறையில் இருக்கும் புத்தக அலமாரி முன்னால் தினம் ஒரு படம் எடுத்துக்கொள்கிறான், அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்ததாகத் தெரியவில்லை. மெத்தைக் கடையில் விற்பனையாளனாக நிற்கிற இவன், சட்டையில் ஒரு கணக்குச் சூத்திரத்தை அச்சடித்துப் போட்டுக்கொண்டு போகிறான். அது என்னடா என்று அம்மா கேட்டதற்கு, பிரபஞ்சம் சம்பந்தப்பட்டது என்றான். அவளும் பயந்துபோய் அதைத் தனியாகத் துவைக்கிறாள்.

இந்த வேடத்தோடு அவன் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தான். அங்கே பழுதான மின்விசிறி, ரேடியோ எல்லாவற்றையும் ஆட்கள் கொண்டுவருவார்கள், தெரிந்தவர்கள் உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்தான் அதை நடத்துகிறாள். உன் வயதுதான் இருக்கும், கண்ணாடி உன்னுடையதைவிடத் தடிமன். உன் தம்பி, ஈயம் பற்றவைக்கும் உன் சால்டரிங் கம்பியை எடுத்துக்கொண்டு போய் நான்கு வாரம் அவள் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஐந்தாவது வாரம் அவள் குனிந்தபோது கண்ணாடி கீழே விழ, யாரோ மிதித்துவிட்டார்கள். பிரித்து வைத்திருந்த ரேடியோவின் ஸ்க்ரூ ஒன்றும் எங்கேயோ உருண்டு ஓடிவிட்டது. உங்கள் கண்ணாடியைக் கொடுங்கள், கொஞ்சமாவது தெரிகிறதா பார்க்கிறேன் என்று இவனிடம் கேட்டிருக்கிறாள். கொடுக்காமல் எப்படி இருப்பது. போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையே" என்றாளாம்.

இவன், "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறான்.

"அப்ப அந்தக் கண்ணை வச்சு ஸ்க்ரூவைத் தேடுங்க."

அரை மணி நேரம் மேஜை மேஜையாகக் கீழே தவழ்ந்து தேடி எடுத்துக் கொடுத்தானாம். பிறகு, கண்ணாடி இல்லாமல் அவளால் தெருவைக் கடக்க முடியாது என்று, இங்கே படி, இங்கே பள்ளம் என்று சொல்லிக்கொண்டே நம் கடைக்கு அழைத்து வந்தான். அவள் பவர் மைனஸ் ஏழு. லென்ஸை அறுத்துத் தேய்க்கும் வரை முழங்கால் அழுக்கோடு அவன் வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. அவள் என்னிடம், இதை அவருக்கு விற்றது நீங்கள்தானா என்று கேட்டாள். வியாபாரம்தானே அம்மா என்று இழுத்தேன். அவள் கோபிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னையும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், ஒரு நாள் கண்ணாடியை ஒளித்து வைத்துவிட்டார்கள், சாயங்காலம் வரை கரும்பலகை வெறும் கறுப்பாக இருந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு, "ஒளிச்சு வச்சவங்கதான் சார் இப்ப அதையே மாட்டிக்கிட்டுத் திரியறாங்க" என்றாள்.

மகளே, அந்தப் பேச்சு எனக்கு ஊசி மாதிரி இறங்கியது. பிள்ளைகளாவது விளையாட்டுக்கு ஒளித்தார்கள். நம் கடை திறந்த அன்று உன்னை ரிப்பன் வெட்டச் சொன்னபோது, படத்துக்கு நன்றாக இருக்காது என்று உன் கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவன் நான். பதிமூன்று வயதுப் பெண், கண்ணாடிக் கடைக்காரன் மகள், கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தாய். அந்தப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம், நீ மட்டும் வேறு எங்கேயோ பார்க்கிறாய். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கப்புறம் வீட்டுப் படம் எதிலும் நீ நின்றதுமில்லை. வெட்கம் உனக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கப்பட்டது நான்தான். அதை இத்தனை வருடம் கழித்துச் சொல்ல எனக்கு ஒரு ரேடியோ ஸ்க்ரூ தேவைப்பட்டிருக்கிறது, என்னை மன்னித்துவிடு.

நேற்று அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது. உன் தம்பி இப்போது அந்தப் பெண்ணிடம் மின்விசிறி பிரிக்கக் கற்றுக்கொள்கிறான், இரண்டைக் கெடுத்தாயிற்று. வேறு பேச்சு ஏதும் இருக்கிறதா என்று அம்மா கிண்டிக் கிண்டிக் கேட்கிறாள், அவன் ஸ்க்ரூக்களை எண்ண ஆரம்பித்துவிடுகிறான்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதே, கீறல் விழும், சோப்புத் தண்ணீரில் கழுவு. நீ நினைத்ததெல்லாம் கைகூட எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உண்டு. ஒன்று மறக்காதே, இந்த வாரமே ஒரு படம் எடுத்து அனுப்பு. கண்ணாடியைக் கழற்றாமல். ஆணி காத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
உன் முகத்தைச் சரியாகப் பார்க்க இத்தனை நாள் எடுத்துக்கொண்ட
அப்பா