பன்றிக்கு வைத்தது

அக்கா,

இன்று காலை மழை விட்டதும் எங்கள் சுற்றுச்சுவரில் ஒரு பெரிய நத்தை ஏறிக்கொண்டிருந்தது. மனைவி உப்பை அள்ளித் தூவினாள். அது ஓட்டுக்குள் சுருங்கி, நுரை கக்கிக் கீழே விழுந்தது. அந்த நுரை என்னை உங்கள் பொங்கலூர்த் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி. மச்சான் இறந்தபின், பக்கத்து நிலங்கள் பனியன் கம்பெனிகளாகிக்கொண்டிருக்க, நீங்கள் பப்பாளி நட்டிருந்தீர்கள். கன்றுகள் தினமும் மொட்டையாகின.

"பன்னிதான் தம்பி. போன வருசம் கடலக்காட்டையே உழுது போட்டுதே, அதேதான்."

அப்போதுதான் நிருபராகச் சேர்ந்திருந்த நான், பேப்பரில் செய்தி போடுகிறேன் என்றேன்.

"நீ பேப்பர்ல எழுதுனா பன்னி படிச்சுட்டுப் போயிருமாக்கும்?"

யாரிடமோ அவுட்டுக்காய் வாங்கி வந்திருந்தீர்கள். தீனிக்குள் வெடிமருந்து பொதிந்த உருண்டை. கடித்தால் வாய் சிதறும்.

"வேண்டாங்க்கா, ஆராச்சு மிதிச்சாப் போச்சு."

"நாம் பாத்துக்கறேன். நீ காப்பியக் குடி."

மறுநாள் விடிந்து சற்று நேரத்தில் வெடித்தது. "மாட்டிக்கிச்சு!" என்று கடப்பாரையோடு ஓடினீர்கள். வேலியோரம் நின்றது உங்கள் செவலைப் பசு. கயிற்றை அறுத்துக்கொண்டு மேயப் போயிருக்கிறது. கீழ்த்தாடை இல்லை. நாக்கு மட்டும் தொங்கியது. கத்தப் பார்த்தது, ரத்தம்தான் வந்தது. அது நிறைசினை.

பல்லடத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர், "இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று ஊசி போட்டார். செவலை அடங்கிய பிறகும் அதன் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை நீங்கள். உள்ளே உதைப்பது நின்ற பிறகே எழுந்தீர்கள்.

எழுந்ததும் கண்ணில் பட்டது பக்கத்துப் பப்பாளிக் கன்று. தண்டு அப்படியே நின்றது. இலை மட்டும் அரிக்கப்பட்டிருந்தது. தண்டின் மேல் ஈரமாக மின்னும் ஒரு கோடு. அதன் உச்சியில் நத்தை.

"பன்னி வந்திருந்தா மண்ணு கெளம்பியிருக்கும்ல தம்பி? மண்ணு அப்படியே கெடக்குது. இதக்கூடப் பாக்காமப் போனனே..."

அப்புறம் கடப்பாரையின் அடிப்பக்கத்தால் நசுக்கத் தொடங்கினீர்கள். கன்று கன்றாகத் தேடி, கல்லைப் புரட்டி, உச்சிப்பொழுதுவரை. ஓடு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. புடவை முழுக்கச் செவலையின் ரத்தமும் நத்தையின் கோழையும். தடுக்க வந்த என்னைத் தள்ளிவிட்டீர்கள். "பன்னின்னா உறுமித் தொலையும். இது ஒரு சத்தம் போட்டுதா?"

அதன்பின் சாகும்வரை நீங்கள் மாடு வைத்துக்கொள்ளவில்லை.

தீவைப்பு, வெட்டு, அடிதடி என்று எத்தனையோ இடங்களுக்குச் செய்தி எடுக்கப் போயிருக்கிறேன், அக்கா. போய் இறங்கியதுமே கூட்டம் ஒரு பெயரைச் சொல்லிக் கத்தும். நான் முதலில் குனிந்து மண்ணைப் பார்ப்பேன்.