நாற்பத்திரண்டு இருக்கைகள்

ஜனவரி 18

பொங்கல் விடுமுறை முடிந்து பட்டறை திறந்தாயிற்று. ஸ்பாட் வெல்டிங் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், சூடம். முதல் பீஸை உளியால் பிளந்து பார்த்தேன். இரண்டு தகட்டையும் உருக்கி ஒட்டிய ஸ்பாட் விடவில்லை, தகடுதான் கிழிந்து வந்தது. அப்படித்தான் வரவேண்டும். "மொத பீஸ் நல்லா வந்துட்டா நாள் பூரா நல்லா வரும்மா" என்றார் முதலாளி நாகநாதன், வழக்கம்போல. அன்றைய தரச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டேன், நானும் வழக்கம்போல.

ஜனவரி 21

ஒரத்தநாடு பக்கம் அறுப்பு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த மருதையன் என்பவர், வண்டி வரப்பில் ஏறும்போது சீட் ஒடிந்து கீழே விழுந்துவிட்டார். வண்டியின் பெல்ட் சக்கரம் இடது காலில் ஏறியிருக்கிறது.

சீட் நாங்கள் செய்தது. ஆகஸ்டில் கும்பகோணத்து டீலருக்குப் போன நாற்பத்திரண்டில் ஒன்று. தரம் பார்த்தவர்: குந்தவை. என் கையெழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கிறது, பாவி நான்.

"ஆள் நல்ல கனம். வரப்புல ஏத்துனா ஒடியத்தானே செய்யும்" என்கிறார் முதலாளி. டெல்டாவில் வரப்பில் ஏறாமல் பறந்தா அறுப்பார்கள்?

ஜனவரி 22

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஜனவரி 23

ஒடிந்த சீட் வந்தது. அடித்தகட்டையும் தாங்கியையும் சேர்த்துப் பிடிப்பது நான்கே ஸ்பாட். மொச்சை அளவு இருக்க வேண்டியவை உளுந்து அளவில் இருக்கின்றன. நான்கின் விளிம்பிலும் விரிசல், விரிசலுக்குள் பழைய துரு. ஒரே நாளில் ஒடிந்ததில்லை இது. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்திருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்துதான் அந்த மனிதர் சோறு தின்றிருப்பார்.

ஒரு தடவை இழுத்தால் தாங்குவது லட்சம் தடவை ஆட்டினால் தாங்காது. படித்தேனே இதை. படிச்சு என்னத்தக் கிழிச்சேன்?

ஜனவரி 26

விடுமுறை. பட்டறையில் நான் மட்டும். பழைய மாவு மெஷின் மோட்டாரில், மையம் தள்ளி ஒரு சக்கரத்தைப் பொருத்தி, பீஸை ஆட்டுவதற்கு ஒரு மேடை செய்திருக்கிறேன். நிமிடத்துக்கு அறுநூறு ஆட்டம். ஆகஸ்டில் கீறல், நெளிவு என்று கழித்துப் போட்ட பீஸ்கள் கிடந்தன, அடித்த நேரம் எழுதியவை.

காலை எட்டு மணி பீஸ்: மூன்று லட்சம் ஆட்டம், அசையவில்லை. பதினொரு மணி பீஸ்: முப்பத்தோராயிரத்தில் போய்விட்டது. அடுத்தது இருபத்தெட்டாயிரம்.

இடையில் ஒன்பது மணி — வயல் மோட்டார்களுக்கு மும்முனை மின்சாரம் விடும் நேரம். ஆகஸ்டில் வாய்க்காலில் தண்ணீர் இல்லை, குறுவையைக் காப்பாற்ற ஊரே போர் மோட்டாரைப் போட்டது. பட்டறையில் விளக்கு மங்கும். மெஷினுக்கு வேண்டிய கரண்டு வராது, ஸ்பாட் சரியாக உருகாது. பார்ப்பதற்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நான் பிளந்து பார்த்ததோ எட்டு மணிக்கு, சூடம் அணைவதற்குள். "கரண்டு வந்துடுச்சுப்பா, மோட்டாரப் போடுங்க" என்று தினமும் அப்பாவுக்குப் போன் செய்ததும் நான்தான். விளக்கு மங்கியதைப் பார்த்துக்கொண்டே போன் பேசியிருக்கிறேன்.

ஜனவரி 27

முதலாளியிடம் சொன்னேன். எல்லா சீட்டையும் உடனே மாற்ற வேண்டும் என்றேன். "அறுப்பு முடியட்டும்மா. பத்து நாளு. சத்தமில்லாம மாத்திடலாம். இப்பச் சொன்னா பட்டறையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்." கெட்டவர் இல்லை, பயந்தவர். பத்து நாளில் ஒரு வண்டி எத்தனை ஆட்டம் ஆடும் என்று கணக்குப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம்.

நாற்பத்தொரு பேர் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நிமிஷம்.

ஜனவரி 28

பழைய ஸ்பாட் பக்கத்திலேயே புதிதாக ஒன்று அடித்துப் பார்த்தேன். கரண்டு பழையதன் வழியாகவே ஓடிவிடுகிறது, புதியது பிடிக்கவில்லை. நாற்பத்தைந்தாயிரம். ஓரத்தில் ஆர்க் வெல்டிங் வைத்தேன். சூட்டில் தகடு மெலிந்து முப்பத்தெட்டாயிரம். எதைத் தொட்டாலும் ஒடிகிறது. கடவுளே, ஒரு வழியாவது காட்டேன்.

ஜனவரி 30

அடியில் தடித்த பட்டை, இடையில் எபாக்ஸி பசை, நான்கு போல்ட், அகல வாஷர். நேற்றுக் காலை மேடையில் ஏற்றினேன். நாலு லட்சம் தாண்டியும் ஒடியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இனி அடிப்பதற்கும் ஒரு வழி கிடைத்திருக்கிறது. அடித்தபின் ஸ்பாட்டைச் சுற்றிக் குழி அச்சால் ஓர் அழுத்து. விளிம்பு இறுகிப்போய், விரிசல் லேசில் தொடங்குவதில்லை. மருதையனுக்கு அதனால் என்ன?

ஜனவரி 31

டீலரிடம் பட்டியல் வாங்கி என் போனிலிருந்தே கூப்பிட்டேன். "பதினஞ்சு ஏக்கர் நிக்குதுக்கா. மழ வேற வர்ற மாதிரி இருக்கு. சீட்டுக்காக வண்டிய நிறுத்தச் சொல்றீங்களா?" என்றார் ஒருவர். நிறுத்துங்க, நான் கையெழுத்துப் போட்ட சீட்டு அது, நின்னுக்கிட்டாவது ஓட்டுங்க என்று கத்தினேன்.

முதலாளி கேட்டுவிட்டார். திட்டினார். வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினார். பிறகு வேன் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

பிப்ரவரி 3

நாற்பது சீட்டைக் கழற்றிப் பட்டை போட்டாயிற்று. ஒன்று பாக்கி. ஜாஃபர் சாதிக், வேதாரண்யம் பக்கம். போன் அணைந்திருக்கிறது, இரண்டு நாளாக.

பிப்ரவரி 4

வேதாரண்யத்தில் ஐந்து இடத்தில் விசாரித்தபின் ஒரு வயலில் வண்டி தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்தது. ஆள் உட்கார்ந்திருந்தார். சேற்றில் ஓடினேன், செருப்பு எங்கே போயிற்றோ.

"மூணு நாளா ஆடுதுக்கா. கயிறு போட்டுக் கட்டியிருக்கேன்" என்றார். கயிற்றை அவிழ்த்தேன். சீட் தனியாக என் கைக்கு வந்தது. ஒரு ஸ்பாட்கூடப் பிடிப்பில் இல்லை. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 6

மருதையன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான். வீட்டில் அவர் மனைவி அகிலாண்டம் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மணி, பதினொரு மணி, என் கையெழுத்து. போலீசுக்கோ கோர்ட்டுக்கோ எங்கே கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன் என்று எழுதிக் கொண்டுபோன தாளையும் கொடுத்தேன்.

அவர் அழவில்லை, திட்டவுமில்லை. "வேற யாரு வண்டியிலயும் அது இல்லல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லக்கா. எல்லாத்தையும் கழட்டிச் சரிபண்ணியாச்சு."

"சரி" என்றார். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய சோற்றைக் கட்டப் போனார். உட்காரச் சொல்லவில்லை. கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன்.