ஊசி இறங்கிய பின்

ஜனவரி 12
நெல் அறுத்த வயலில் ஈரம் இன்னும் மிச்சமிருக்கிறது. அதை வீணாக்குவது அறிவுடைமையன்று எனக் கருதி இன்று நிலக்கடலை விதைத்தேன். என் கணவர் இருந்தவரை அறுப்புக்குப் பின் இவ்வயல் சும்மாவே கிடக்கும். "நெல்லத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ படிச்சதை எல்லாம் என் வயல்ல கொட்டாத" என்பார். இம்முறை அறுப்பு முடிந்த மறுநாள் காலமானார். கொழுந்தனார் வரப்பில் நின்றே சொல்லிவிட்டார்: "காய் பிடிக்கலேன்னா நிலத்த நான் எடுத்துக்குவேன் அண்ணி. அப்புறம் அழக்கூடாது." அழும் வழக்கம் எனக்கு இல்லை.

பிப்ரவரி 10
பூத்துவிட்டது.

பிப்ரவரி 23
ஜிப்சம் இட்டுச் செடிகளின் தூரில் மண் அணைத்தேன். இனிப் பூவிலிருந்து ஊசி போன்ற விழுதுகள் மண்ணுள் இறங்கும், காய் அங்கேதான்; மண் அசைந்தால் அவை முறியும். ஆகவே எவரும் இனி வயலில் கால் வைக்கலாகாது என அறிவித்துவிட்டேன்.

மார்ச் 2
மேற்கு ஓரச் சாலில், செடி வரிசை முழுவதும் புதிதாக மண் அணைக்கப்பட்டிருக்கிறது. காலடித் தடம் ஒன்றும் இல்லை. பக்கத்து வயலில் களையெடுக்கும் அக்கா எட்டிப் பார்த்து, "கூலி கேக்காத ஆளா புடிச்சிருக்கீங்களா? எனக்கும் ஒண்ணு சொல்லி வைங்க" என்றாள். சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. ஒவ்வொரு தூரிலும் விரல்முட்டிகள் பதிந்திருந்தன, இரண்டிரண்டு முறை. முடித்த வேலையைப் புறங்கையால் இருமுறை தட்டுவது என் கணவர் வழக்கம் — வரப்பு, மூட்டை, மாட்டின் முதுகு, எதுவானாலும்.

மார்ச் 3
அடுத்த சாலும்.

மார்ச் 4
மூன்றாவது. ஒரு செடியைக் கிளறிப் பார்த்தேன். விழுதுகள் யாவும் முறிந்து கிடந்தன. கெடுப்பதாக அவர் எண்ணவில்லை. நான் அணைத்ததைப் பார்த்துக் கற்றிருக்கிறார்; எப்போது நிறுத்துவது என்று கற்கவில்லை. இப்படியே போனால் வயல் முழுவதும் — ஐயோ, ஒத்தாசைன்னு நெனச்சு பண்றாரே, இத யாருகிட்ட போய்ச் சொல்றது?

மார்ச் 5
பொழுது சாய்கையில் வரப்பில் நின்று, "ஏங்க, ஊசி இறங்கிருச்சு. இனிமே தொட்டா காய் வராது. விட்டுட்டுப் போங்க" என்றேன்.
காற்று இல்லை. ஒரே ஒரு சாலில் மட்டும் இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்தன, என்னைவிட்டு அப்பால். கடைசிச் செடியும் அடங்கியது. 'போங்க' என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மார்ச் 6
மண்ணில் கை படவில்லை.

ஏப்ரல் 27
பிடுங்கினோம். கொத்துக்கொத்தாகக் காய். மேற்கே மூன்று சால் மட்டும் வெறும் வேர். கொழுந்தனார் ஒரு காயை உடைத்து, நிதானமாக மென்று, "நிலம் உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி. நெல்லையும் நீங்களே போட்டுக்குங்க" என்றார்.

ஜூன் 8
நாற்று விட வேண்டும். நெல்லைப் பற்றி அவரிடம் எதையும் கேட்டுவைத்ததில்லை. கேட்பதை இழுக்கென்று கருதியிருந்தேன். மாலையில் வரப்பில் நின்று, "எனக்கு நெல்லு தெரியாதுங்க. வந்து சொல்லிக் குடுங்க" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

ஜூன் 9
வயல் நேற்று இருந்தபடியே இருக்கிறது.