வேம்பு அக்கா மீன் அறையில் இறங்கிச் செத்தது பற்றி

அனுப்புநர்:
தெ. செல்வாம்பாள் (வயது 47),
மீன் தரம் பிரிக்கும் தொழிலாளி,
சாரம், புதுச்சேரி.

பெறுநர்:
நிலைய இயக்குநர் அவர்கள்,
அலைத்துறை சமூக வானொலி,
புதுச்சேரி.

பொருள்: தங்கள் வானொலியின் ‘ஏலக்கரை’ தொடர் நாடகத்தில் வேம்பு என்ற பாத்திரத்தைச் சாகடித்தது – அந்தச் சாவு கதைக்கு உதவாது, துறைமுகத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கும் ஆபத்து – திருத்தம் கேட்பது தொடர்பாக.

பார்வை: 9-7-2025 புதன்கிழமை ஒலிபரப்பான 261ஆம் பகுதி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். என் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு வேலைக்குப் போனோம். நான் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக மீன் பிரித்து வருகிறேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மகள் சுடர்விழி. சில இடங்களில் அவள் என்னைத் திருத்தினாள், சில இடங்களில் நான் அவளைத் திருத்தினேன். குற்றம் இருந்தால் என்னுடையதாகக் கொள்ளவும்.

2. தங்கள் நாடகம் திங்கள், புதன் இரண்டு நாளும் காலை பதினொன்றரை மணிக்கு வரும். ஏலம் முடிந்து நாங்கள் கூடையோடு உட்காரும் நேரம் அது. டீக்கடைக்காரர் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். வேம்பு எங்களைப் போல மீன் பிரிக்கிறவள். வாய்த்துடுக்குக்காரி. படகு உரிமையாளர் எதிரே நின்றாலும் சேலையை உதறிக்கொண்டுதான் பதில் சொல்வாள். மருமகளோடு சண்டை போட்டுவிட்டு அவளுக்கே வஞ்சிர மீன் துண்டு எடுத்து வைப்பாள். வேலை முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவாள். அவளிடம் எங்களுக்குப் பிடித்ததே அதுதான். கதைகளில் வரும் பெரிய மனுஷிகள் வீட்டுக்குப் போவதை நாங்கள் கேட்டதில்லை.

3. வேம்புவுக்காக மனுக் கொடுக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பழுதாகி நான்கு நாள் மூடிக் கிடந்த ஒரு விசைப்படகின் அடியில் உள்ள மீன் அறையைக் கழுவ அம்மாவாசை என்பவர் இறங்கினார். கோழித் தீவனத்துக்குப் போகும் கழிவு மீன் அடியில் அழுகிக் கிடந்திருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் வாயுவுக்கு நிறம் கிடையாது. முதலில் நாற்றம் வரும், பிறகு நாற்றமே தெரியாது. அம்மாவாசை ஏணியின் கீழே விழுந்தார். மேலே நின்றிருந்தவர் என் கணவர் தெய்வசிகாமணி. “தோ, தூக்கிக்கினு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். நான் இருபது அடி தூரத்தில் கூடையோடு நின்றிருந்தேன். அவர் இறங்கியதைப் பார்த்தேன். ஏறி வரவில்லை. இருவரையும் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

ஊர் முழுக்க ‘வீரவணக்கம்’ என்று சுவரொட்டி ஒட்டினார்கள். கேரம் மன்றத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதற்கெல்லாம் நான் கைகூப்பினேன். தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் மட்டும் தன் ஆட்களிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது: “ரெண்டாவது ஆள் எறங்காம இருந்திருந்தா ஒரு பொணத்தோட போயிருக்கும்.” அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

4. யாரிடமும் சொல்லாததை 2023ஆம் ஆண்டு தங்கள் நாடக ஆசிரியர் திரு. நெடுமாறன் அவர்களிடம் சொன்னேன். அவர் ஒலிப்பதிவுக் கருவியோடு துறைமுகத்துக்கு வந்து, கவிழ்த்த மீன் பெட்டியில் உட்கார்ந்து, நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் 64ஆம் பகுதி வந்தது. அதில் ஒருவன் மீன் அறையில் விழுகிறான். இன்னொருவன் காப்பாற்ற ஓடி வருகிறான். வேம்பு அந்த அறையின் திறந்த வாய்க்குக் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்துகொள்கிறாள். “என் மேல ஏறிப் போடா பாக்கலாம். மொதல்ல காத்து, அப்புறம் கயிறு, அப்புறம்தான் ஆளு” என்கிறாள். மற்ற மூடிகளைத் திறக்கச் சொல்கிறாள். ஐஸ் ஆலையிலிருந்து காற்று ஊதும் ப்ளோயரைத் தூக்கி வரச் சொல்கிறாள். விழுந்தவன் பிழைக்கிறான்.

ஐயா, அன்று நான் வேலையைப் பாதியில் விட்டு எழுந்து போய்த் துறைமுகச் சுவரோரம் நின்று அழுதேன். 2016இல் நடந்திருக்க வேண்டியதை ஒருவர் எழுதிக் காட்டியிருந்தார்.

5. நாடகம்தானே என்று தாங்கள் நினைக்கக் கூடாது. சென்ற ஆண்டு கார்த்திகையில் எங்களோடு வேலை செய்யும் லட்சுமியின் தம்பி இளம்பரிதி, ஒரு படகின் மீன் அறைக்குள் மயங்கி விழுந்தார். சுமை தூக்கும் ஆட்கள் ஓடி வந்தார்கள். மீன் பிரிக்கும் பெண்கள் நாங்கள் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் “காத்து, கயிறு, ஆளு” என்று கத்தினோம். யாரும் இறங்கவில்லை. மூடிகளைத் திறந்து ப்ளோயரை வைத்தோம். தீயணைப்பு வீரர்கள் முகக்கவசம் போட்டு, கயிறு கட்டி இறங்கி அவரைத் தூக்கினார்கள். ஆறு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு எழுந்து வந்தார். எங்களுக்கு வேம்பு கற்றுக்கொடுத்தது அது. துறைமுகத்தில் எந்த அறிவிப்புப் பலகையாலும் ஆகாத காரியம்.

6. இனி 261ஆம் பகுதிக்கு வருகிறேன். அன்று ஐஸ் கட்டி உருகியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். நாடகத்தில் மூன்று பேர் மீன் அறையில் விழுகிறார்கள். வேம்பு ஓடி வருகிறாள். “கயிறு கொண்டாங்கடா” என்று இப்போது சொல்வாள் என்று காத்திருந்தோம். சொல்லவில்லை. ப்ளோயர் என்ற பேச்சே இல்லை. “என் புள்ளைங்க மாரிடா அவனுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். வயலின் வாசித்தார்கள். மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராக மேலே தள்ளிவிட்டு உள்ளேயே செத்தாள்.

லட்சுமி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “இது வேம்பு இல்ல அக்கா. வேற யாரோ எறங்கிட்டாங்க” என்றாள். எனக்கு 2016இல் பார்த்த அதே ஏணியை மறுபடி பார்த்ததுபோல் இருந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

7. கதைக்கு அந்தச் சாவு தேவைப்பட்டிருந்தால் நான் இந்த மனுவை எழுதியிருக்கமாட்டேன். நானும் யோசித்துப் பார்த்தேன். தேவைப்படவில்லை என்பதற்கு என் காரணங்கள் இவை.

அந்த வாயுவில் ஒரு மூச்சு இழுத்தால் முழங்கால் மடங்கும். மூன்று ஆண்களைத் தூக்கித் தள்ள யாராலும் முடியாது. அது பொய். பொய்யையாவது பொறுத்துக்கொள்ளலாம், கதைதான். ஆனால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக வேம்பு எதைத் தெரிந்தவளாக இருந்தாளோ, அதை மறந்தால்தான் அவளால் அன்று சாக முடியும். அவளை வீரம் உள்ளவளாகக் காட்ட முதலில் அவளை முட்டாளாக்கியிருக்கிறார்கள்.

விழுந்த மூன்று பேரும் அந்த வாரம்தான் கதைக்குள் வந்தவர்கள். அவர்கள் பெயர்கூட எங்களுக்கு மனதில் நிற்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது, படகு உரிமையாளர் விஷயம். எழுபது பகுதிகளாக வேம்பு அவரிடம் ஒவ்வொரு படகுக்கும் ஒரு ப்ளோயர் வைக்கச் சொல்லிப் போராடி வந்தாள். அவர் வைப்பாரா மாட்டாரா என்று கேட்கத்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவர் வேம்புவின் உடலுக்கு மாலை போட்டுத் தேம்பி அழுகிறார். எல்லோரும் அவரைத் தேற்றுகிறார்கள். ப்ளோயர் வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. செத்தவள் பெரியவளாகிவிட்டாள், கேள்வி காணாமல் போய்விட்டது. என் வீட்டிலும் அப்படித்தான் ஆனது, ஐயா. மூடிக் கிடந்த படகை யார் கழுவச் சொன்னது என்று நான் கேட்க நினைத்த நாளில் எல்லாம் யாராவது ஒரு மாலையோடு வந்து நின்றார்கள்.

8. நாடகம் கேட்ட அன்று மாலையே நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பேசிய பெண் கலைவாணி மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “நேயருங்க எல்லாம் அழுறாங்கம்மா. போன் நிக்கவே இல்ல. இந்த அளவுக்கு எந்த நாடகத்துக்கும் வந்ததில்ல.” நானும்தான் அழுதேன் என்றேன். பிறகு திரு. நெடுமாறன் அவர்களே பேசினார். “அக்கா, வேம்பு பென்ஷன் வாங்கிக்கினு வீட்ல உக்காந்தா யாரு ஞாபகம் வச்சுக்குவாங்க? இப்பிடிச் செத்தாத்தான் நிப்பா” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வேம்புவை நேசிக்கிறார் என்பது குரலில் தெரிந்தது. ஆனால் ஒருவர் மனதில் நிற்பதற்காகச் சாக வேண்டும் என்று அவர் நம்புகிறார். நான் அப்படிச் செத்த ஒருவரோடு குடும்பம் நடத்தியவள். அவர் நிற்பது கேரம் மன்றத்துச் சுவரில்.

9. ஒன்பது நாள் கழித்து, 18-7-2025 வெள்ளிக்கிழமை காலை, செம்மல் என்ற சுமை தூக்கும் தொழிலாளி ஒரு படகின் மீன் அறையில் விழுந்தார். நாங்கள் வழக்கம்போல் கத்தினோம். ப்ளோயருக்கு ஓடினார்கள். அப்போது இளம்பரிதி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த அறையின் வாயை நோக்கி வந்தார். எந்த இளம்பரிதி என்றால், யாரும் இறங்காததால் பிழைத்தாரே, அவரேதான். “வுடுங்க! வேம்பு அக்காவே எறங்கினாங்க, நான் நின்னு வேடிக்கை பாக்கவா?” என்றார்.

ஐயா, அந்தச் சொல்லைக் கேட்டதும் ஓடினேன். நானும் லட்சுமியும் இன்னும் இரண்டு பேரும் அவர் காலைக் கட்டிப் பிடித்தோம். உதறினார், உதைத்தார். படகின் இரும்பு விளிம்பில் அடிபட்டு என் வலது மணிக்கட்டு முறிந்தது. விடவில்லை. பதினொரு நிமிடம் கழித்துத் தீயணைப்பு வீரர்கள் செம்மலைத் தூக்கினார்கள். உயிர் இருந்தது. இன்றுவரை அவருக்கு முழு நினைவு திரும்பவில்லை.

மருத்துவமனை வாசலில் செம்மலின் மனைவி என்னிடம் வந்தார். கத்தவில்லை. “நீங்க புடிக்காம இருந்தா எம் புருசன் சீக்கிரமா மேல வந்திருப்பாரு இல்ல?” என்று கேட்டார். இல்லை, இரண்டு பேரும் போயிருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர், “வேம்பு மூணு பேரக் காப்பாத்துச்சே” என்றார். என் பதிலைத் தங்கள் நாடகம் ஒன்பது நாள் முன்பே பறித்துவிட்டிருந்தது.

நாடகத்தைக் கேட்டு வரும் இரவல் வீரத்தைத் தூண்டிவிட்டதாகத் தங்கள் மேல் வழக்குப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. வேம்புவைக் கொடுத்ததும் தாங்கள்தான்.

10. வரும் 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ‘வீரத்தாய் வேம்பு’ என்று அந்தப் பகுதியைச் சிறப்பு நிகழ்ச்சியாக மறு ஒலிபரப்புச் செய்யப் போவதாக அறிவிப்பு வந்துகொண்டிருக்கிறது. முதலாவதாக, அதை நிறுத்தி வைக்கும்படி மன்றாடுகிறேன். துறைமுகம் முழுக்க அன்று விடுமுறையில் கேட்கும்.

இரண்டாவதாக, வேம்புவை உயிர்ப்பித்துத் தரச் சொல்லவில்லை. செத்தவர் வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். நாடகத்தில் இனி வரும் பகுதிகளில் அந்தப் படகு உரிமையாளரை அழவிடாமல் நிறுத்தி, ப்ளோயர் எங்கே என்று யாராவது கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லும்வரை கதை அங்கிருந்து நகரக் கூடாது.

மூன்றாவதாக, வேம்புவின் காரியம் நடக்கும் இடத்தில், அவளை நேசித்த ஒருத்தி எல்லோர் முன்னும் எழுந்து, அவள் இறங்கியிருக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திட்டுவதற்காக அல்ல. அவள் உயிர் அந்த மூன்று பேர் உயிர் அளவுக்கு மதிப்புள்ளது, அதனால்.

இப்படிப் பேசினால் செத்தவரை அவமதித்ததாகும் என்று தங்கள் கலைஞர்கள் தயங்கலாம். தயங்கினால் அந்தப் பாத்திரத்தை எனக்குக் கொடுக்கவும். நான் நடித்ததில்லை. எழுதித் தர வேண்டியதும் இல்லை. என் கணவர் படத்துக்கு எதிரே ஒன்பது ஆண்டுகளாக வாய் வரை வந்து திரும்பிப் போகும் பேச்சு அது. “ஏன்யா எறங்கின? நாங்க இருந்தோமே” என்பதுதான். ஒலிவாங்கி முன்னால் ஒரே தடவையில் சொல்லிவிடுவேன். அழமாட்டேன். செம்மலின் மனைவி அதைக் கேட்க வேண்டும்.

திங்கள், புதன் தவிர எந்த நாளில் அழைத்தாலும் மதியம் இரண்டு மணிக்கு மேல் நிலையத்துக்கு வர முடியும். தங்கள் முடிவை ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவித்தால் துறைமுகப் பெண்கள் ஒன்பது பேரும் நன்றி உள்ளவர்களாக இருப்போம்.

இடம்: புதுச்சேரி
நாள்: 24-7-2025

இங்ஙனம்,
உண்மையுள்ள நேயர்,
தெ. செல்வாம்பாள்

நகல்: நாடக ஆசிரியர் திரு. நெடுமாறன் அவர்களுக்கு, அன்புடன்.