அழித்ததைக் காட்டும் சாஃப்ட்வேரை ஏன் வாங்க வேண்டும்

அக்டோபர் 23, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். ஃபேக்டரி வாசல் முழுக்கச் சேறு. ஸ்டோரில் காலி டின் அடுக்கும் வேலை பாக்கி. அடுக்கவில்லை. மனசு சரியில்லை.

ஹேமாவுக்கு லெட்டர் தரமாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். (இனி மு. என்று மட்டும். யார் கையிலாவது இந்த நோட்டு கிடைத்தால்?)

ஹேமா என் அக்கா மகள். எங்கள் மாங்கூழ் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வேலை வாங்கிக் கொடுத்தது நான். பங்காருபாளையத்து மாம்பழம் அத்தனையும் கூழாகி எங்கள் டின்னில்தான் துபாய் போகிறது. சரி, பாதி. அந்த டின்னுக்கெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டோர் சூப்பர்வைசரான நான் சொன்னால் மு. தட்டுவாரா? அன்று தட்டவில்லை.

இப்போது அவளுக்குப் பெங்களூரில் வேலை. கண்ணாடிக் கட்டிடம். ஏசி. நவம்பர் மூன்றாம் தேதி சேர வேண்டும். இங்கிருந்து ஒழுங்காக விடுவித்தோம் என்ற லெட்டர் இல்லாவிட்டால் அங்கே உள்ளே விடமாட்டார்களாம்.

துபாய் பார்ட்டி போன சீசன் சரக்கின் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறான். ரிப்போர்ட் எல்லாம் கம்ப்யூட்டரில். தேடினால் ஒன்றுகூட இல்லை. துடைத்து வைத்தது போல.

மு. சொன்னது, வழக்கம் போலத் தெலுங்கும் தமிழும் கலந்து: "ஏமய்யா முனிரத்னம், உன் அக்கா பொண்ணு போற நேரத்துல ஃபைலும் போகுது. எவனுக்குக் குடுத்தா?"

ஹேமா அழவில்லை. "நான் தொடல சார்" என்றாள். மூன்று தடவை. மூன்றாவது தடவை சத்தம் குறைந்துவிட்டது.

யார் செய்திருப்பார்கள்? புரியவில்லை. பத்து நாள் முன்னால் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர் ரூம் உட்பட ஃபேக்டரியையே கோயில் மாதிரி வைத்தவன் நான். பாய்லர், பழம் பிழியும் மிஷின், தராசு, கம்ப்யூட்டர், எல்லாம் உள்ளும் புறமும் சுத்தம். ஜில்லாவிலேயே இப்படி ஒருவன் செய்ததில்லை. காலையிலிருந்து பகல் வரை ஒற்றை ஆளாக நான். ஒரு ஈ உள்ளே வரவில்லை.

வாங்க வேண்டியது: கொசுவத்தி, செருப்புக்கு வார், என் வீட்டுக்காரி சாந்தாவுக்கு இருமல் மருந்து.

அக்டோபர் 24, வெள்ளி

வழி கிடைத்தது. நானே கண்டுபிடித்தேன். (பேப்பரில் விளம்பரம் பார்த்து ஹேமா சொன்னாள். போன் செய்தது நான்.)

திருப்பதியில் ஒருவர் சாஃப்ட்வேர் விற்கிறார். கம்ப்யூட்டரில் அழித்ததைத் திரும்ப எடுக்குமாம். எப்போது அழித்தது என்றும் சொல்லுமாம். போலீஸ்காரர்கள் வைத்திருக்கும் சாமானாம். போனிலேயே அவரிடம், எங்கள் ஃபேக்டரியில் நாற்பது கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டேன். இருப்பது மூன்று.

மு. விலையைக் கேட்டார். நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ஓசாரி, ஒரே ஒரு தடவை, வாடகைக்கு எடுக்க முடியாதா?"

"விக்கறதுதான் சார். வாடகை கிடையாதாம்."

"அப்ப எதுக்கு வாங்கணும், வாங்கினா ஃபேக்டரிக்கு இன்னா லாபம், வாங்காட்டி இன்னா நஷ்டம். காகிதத்துல ராசி இவ்வு. எழுதிக் குடுய்யா. நீ வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன்."

கடைசி வார்த்தை எதற்கு? புரியவில்லை.

மத்தியானம் எழுதினேன். நாலு பக்கம். ஹேமா டைப் அடிக்க உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள்.

"மாமா, 'அமெரிக்காவில் இந்த சாஃப்ட்வேர் மூலம் முந்நூறு கொலைகாரர்கள் பிடிபட்டனர்.' இத்த யாரு சொன்னது?"

"பொதுவா சொல்லிகினு கீறாங்க."

"'கலெக்டர் இதை என்னிடம் நேரில் பாராட்டியது.' எந்த கலெக்டரு?"

"பழைய கலெக்டரு."

அடித்தாள். பேனாவால் கோடு போட்டு அடித்து அடித்து ஒன்றரைப் பக்கம்தான் நின்றது. நின்றதில் நல்ல பாயின்ட் ஒன்று, அதுவும் அவள் சேர்த்தது: வெளிநாட்டுக்காரன் இனிமேல் வருஷா வருஷம் பழைய ரிப்போர்ட் கேட்பான், ஒரு தடவை இல்லை என்றால் அடுத்த சீசன் வேறு ஃபேக்டரிக்குப் போய்விடுவான்.

இவ்வளவு யோசிக்கிறவளைத் திருடி என்கிறார்.

அக்டோபர் 25, சனி

திருப்பதி. மலைமேல் மேகம். பெட்டியைக் கொண்டுவந்தால் சும்மா ஒரு தடவை போட்டுக் காட்டுகிறேன் என்று அவர் சொன்னார். கம்ப்யூட்டரின் பெரிய பெட்டியைக் கோணியில் சுற்றி மடிமேல் வைத்து பஸ்ஸில் போனேன். பக்கத்தில் மொட்டை அடிக்கப் போகும் குடும்பம்.

கண்டக்டர்: "இன்னாங்க அது? லக்கேஜு டிக்கெட்டு வாங்கு."

"இது சாட்சி. சாட்சிக்கு டிக்கெட்டு கிடையாது."

"சாட்சின்னா கோர்ட்டுக்கு நடந்து போவ சொல்லு. இல்லாட்டி டிக்கெட்டு எடு."

எடுத்தேன்.

சாஃப்ட்வேர்காரர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், கண்ணாடி. பெட்டியின் முன்பக்கத்தில் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: அழிப்பது என்றால் வீட்டை இடிப்பது இல்லை, வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றுவதுதான். உள்ளே ஆள் அப்படியே இருப்பார். வேறு யாராவது குடிவரும் வரைக்கும்.

அப்படியென்றால் குப்பைத்தொட்டியில் போட்டு, தொட்டியையும் காலி செய்தால்?

அப்போதும் உள்ளேதான் இருப்பாராம்.

இதைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. தொட்டி காலி என்றால் காலிதானே?

சும்மா காட்டுவதில் பெயரும் நேரமும் மட்டும் வரும். திறந்து பார்க்கக் காசு கட்டி வாங்க வேண்டும். சின்ன ஃபைல் ஒன்றே ஒன்று இலவசமாகத் திறக்கலாம். எதைத் திறப்பது என்று யோசித்துப் பிறகு சொல்கிறேன் என்றேன்.

லிஸ்ட் வந்தது. இரண்டு பக்கம். போன சீசன் ரிப்போர்ட் அத்தனையும். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. கடைசி வரி Doc1 என்று ஏதோ ஒன்று. எல்லாம் ஒரே நாள், ஒரே நேரம். தேதியைப் பார்த்தேன். ஆயுத பூஜை. காலை பதினொன்று இருபது.

திரும்பும் பஸ்ஸில் மடியில் பெட்டி கனத்தது. மூன்று இடத்தில் டீ குடிக்க இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

லீவு. சாந்தா மீன் குழம்பு. துன்ன முடியவில்லை.

"இன்னாய்யா ஆச்சு? வாய் மூடிகினு கீற. ஜுரமா?" என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

யோசித்து எழுதுகிறேன். பூஜையன்று நடந்தது.

பாய்லரைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். தராசைப் புளி போட்டுத் தேய்த்தேன். கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் ஆகாது. ஆனாலும் உள்ளே சுத்தம் செய்யாமல் பூஜை போடலாமா? திறந்தேன். குப்பைத்தொட்டியில் போடுவது எப்படி என்று ஹேமாவே ஒருமுறை காட்டியிருக்கிறாள். திரையில் போன வருஷ எண் போட்டு ஒரு மஞ்சள் பொட்டலம் இருந்தது. பூஜைக்குப் போன வருஷத்துச் சாமானை யார் வைத்திருப்பார்கள்? போட்டேன். நல்ல நாளில் குப்பை வீட்டில் இருக்கக்கூடாது என்று தொட்டியையும் காலி செய்தேன். நிறுத்தினேன். சந்தனம் வைத்தேன். கம்ப்யூட்டரை நிறுத்திய அந்தப் பட்டன் மேலேயே குங்குமம்.

குப்பை என்றுதான் நினைத்தேன். ரிப்போர்ட் என்று நினைக்கவில்லை. காகிதத்தில் இருந்தால் ரிப்போர்ட் என்று தெரியும். திரையில் அது வெறும் மஞ்சள் படம்.

நான்தானா? நான்தான் என்கிறது அந்த லிஸ்ட். நாலு நாளாகத் திருடனைத் தேடியது யார்? நான்.

அக்டோபர் 27, திங்கள்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

மு. லிஸ்டைப் பார்த்தார். சிரித்தார்.

"ஆயுத பூஜை அன்னிக்கா? பூஜையில வெச்ச மிஷினை எவனய்யா தொடுவான்? மறுநாள் காலையில தேங்காய் உடைச்சுட்டுத்தானே கையே வெப்போம். அன்னிக்குப் பூரா நீதானே காவல். ஈ கூட வரலன்னு நீதானே சொன்ன? இந்த சாஃப்ட்வேர் பொய் சொல்லுது. பொய் சொல்றதை நான் காசு குடுத்து வாங்கணுமா? வத்து. வேணாம்."

"பெட்டியோட கடிகாரம் சரியா கீது சார்" என்றாள் ஹேமா.

"அப்ப நீயே சொல்லும்மா. யாரு?"

அவளால் என்ன சொல்ல முடியும். லிஸ்ட் பொய் என்றால் அவள் திருடி. நான் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தேன். வந்தது: "சார், டின் லோடு வந்துகினு கீது."

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் ஹேமாவிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"எல்லாருகிட்டயும் இல்லாதத சொல்லுவ. நடந்தத மட்டும் சொல்ல வாய் வரலயா மாமா?"

நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

காகிதத்தை மறுபடி எழுதினேன். அரைப் பக்கம்.

"இந்த சாஃப்ட்வேர் உண்மை சொல்கிறது. ஆயுத பூஜை அன்று காலை 11.20க்கு அழித்தவன் ஸ்டோர் சூப்பர்வைசர் முனிரத்னமாகிய நான். சுத்தம் என்று நினைத்து அழித்தேன். எனக்கே தெரியாமல் இருந்ததை இது கண்டுபிடித்தது. அதனால் வாங்கலாம். ரிப்போர்ட் கிடைத்தால் துபாய் பார்ட்டி நிற்பான். ஹேமாவதி மேல் தப்பு இல்லை."

ஹேமா டைப் அடித்தாள். பேனாவை எடுக்கவே இல்லை.

மு. படித்தார். இரண்டாம் தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"முனிரத்னம், அக்கா பொண்ணுக்காக இன்னா வேணா எழுதுவியா?"

"சத்தியமா சார்."

"போன வருஷம் பாய்லர் வெடிக்க இருந்ததை ஒத்தைக் கையால நிறுத்தினேன்னு சொன்ன. அன்னிக்கு நீ லீவு. ரிஜிஸ்டர்ல பாத்தேன். இதை எப்படி நம்பறது?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நடந்ததை எழுதிக் கொடுத்தேன். நம்பவில்லை!

ஹேமா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். அதுதான் தாங்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

பல் விளக்கும்போது ஞாபகம் வந்தது. Doc1.

வாயைக் கழுவாமலே ஹேமா வீட்டுக்கு ஓடினேன். சாந்தா பின்னாலேயே: "யோவ், லுங்கிய ஒழுங்கா கட்டிகினு போ!"

பூஜையன்று நல்ல நாள் ஆச்சே, எழுத்தைக் கும்பிட வேண்டாமா என்று, சந்தனம் வைக்கும் முன்னால் ஒரு விரலால் கொஞ்சம் டைப் அடித்தேன். பிறகு வெட்கமாகிவிட்டது. அதையும் தொட்டியில் போட்டேன்.

ஹேமா: "இன்னா அடிச்ச?"

"இலவசமா ஒண்ணு திறக்கலாம்னாரே. அத்த திறக்க சொல்லு. அப்புறம் பாரு."

மறுபடி பெட்டி, மறுபடி பஸ். இந்தத் தடவை ஹேமாவும். கேட்பதற்கு முன் லக்கேஜ் டிக்கெட் எடுத்தேன். சாஃப்ட்வேர்காரர் திறந்தார். திறந்து என்னைப் பார்த்தார். ஹேமா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். அங்கிருந்தே ஃபேக்டரிக்கு ஃபேக்ஸ். நேரமும் தேதியும் மேலே அச்சாகி வரும்படி.

அக்டோபர் 30, வியாழன்

மு. மேஜைமேல் ஃபேக்ஸ். மேலே ஆயுத பூஜை தேதி, நான் டைப் அடித்த நேரம் 11.14, அழிப்பதற்கு ஆறு நிமிஷம் முன்னால். கீழே நான் அடித்தது. இங்கிலீஷ் எழுத்தில்:

OM
M MUNIRATNAM
GENARAL MANEGAR

மு. குனிந்து படித்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன்.

"இதை வேற எவனும் அடிச்சிருக்க மாட்டான்" என்றார். "ரண்டி, வாங்க ஜெனரல் மேனேஜர்காரு. உக்காருங்க."

உட்காரவில்லை.

இரண்டு கையெழுத்து போட்டார். முதலில் ஹேமா லெட்டரில். பிறகு சாஃப்ட்வேர் வாங்கும் காகிதத்தில். ஹேமாவிடம், "தப்பா பேசிட்டேம்மா" என்றார். அவள் "பரவால்ல சார்" என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். சரிதான்.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

லேசான மழை. சித்தூர் பஸ் ஸ்டாண்ட். ஹேமாவுக்கு ஒரு பெட்டி, ஒரு பை, புளிசோறு பொட்டலம். அக்கா அழுதாள்.

ஜன்னல் வழியாக ஹேமா கேட்டாள்: "ஊர்ல கேட்டா இன்னா சொல்லுவ மாமா?"

"நடந்தத அப்டியே சொல்லுவேன்."

"அய்யோ வேணாம். அந்த முந்நூறு கொலைகாரங்களையும் சேத்துக்க. இல்லாட்டி நீ சொன்ன மாதிரியே இருக்காது."

பஸ் நகர்ந்தது. கை ஆட்டினேன். பஸ் திரும்பியதில் வேறு யாரோ ஜன்னலுக்கு.

நவம்பர் 3, திங்கள்

டின் லோடு. கம்ப்யூட்டர் ரூம் கதவில் புது நோட்டீஸ். மு. சொல்லி, போவதற்கு முன் ஹேமா அடித்த கடைசி வேலையாம். 'ஜெனரல் மேனேஜர் முனிரத்னம் இந்த அறைக்குள் வரக்கூடாது.'

எல்லோரும் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். கிழிக்கச் சொன்னான் வாட்ச்மேன். கிழிக்கவில்லை. நாலு மூலையிலும் பசை போதவில்லை, ஒட்டிவிட்டு வந்தேன்.