மயக்க ஊசியில் சொன்னது

துரைக்கண்ணு,

முப்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என் அப்பாவின் சாவுக்குக்கூட எட்டிப்பார்க்காத உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். பயம் எழுத வைக்கிறது.

போன வாரம் தஞ்சாவூரில் எனக்கு ஆஞ்சியோ செய்தார்கள். இதயக் குழாயில் இரண்டு அடைப்பு. "முழுசா மயக்க மாட்டோம். கேட்டா பதில் சொல்லுவீங்க, அப்புறம் எதுவும் ஞாபகம் இருக்காது" என்றார் டாக்டர். அப்படியே ஆயிற்று. மறுநாள் நர்ஸ் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "யாரு சார் அந்தத் துரைக்கண்ணு? 'மனுவ நான் குடுக்கவே இல்லடா'ன்னு ஒரே புலம்பல். எங்க நன்னிலத்துலயும் அந்தப் பேர்ல ஒருத்தர் இருக்காரு."

வியாழக்கிழமை ஸ்டென்ட் வைக்கிறார்கள். மறுபடி அதே ஊசி, உன் ஊர்க்காரியான அதே நர்ஸ். செத்துப்போவேனோ என்பதைவிட, இன்னும் என்னென்ன சொல்வேனோ என்பதுதான் பயம். அவள் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

குத்தகைப் பதிவுக்காக உன் அப்பா கைநாட்டு வைத்துத் தந்த மனுவை நான் தாலுகா ஆபீசில் கொடுக்கவில்லை. கிழித்து வாய்க்காலில் போட்டேன். பதிவு இல்லாததால்தான் என் அப்பாவால் உங்களை அந்த ஆறு மா நிலத்திலிருந்து வெளியேற்ற முடிந்தது. "படிச்ச தம்பின்னு அவருகிட்டதாங்க குடுத்தேன்" என்று உன் அப்பா கோர்ட்டில் சொன்னார். நான் இல்லை என்றேன்.

எழுதியது யார் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் பிழைத்து வந்தால், நான் எழுதவில்லை என்று சொல்ல எனக்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போடாமல்தான் இதைத் தபாலில் சேர்க்கப்போகிறேன்.